வண்டிக்காக என்று சொல்லி நடந்தாள்

சட்டைத் தொழிற்சாலையில் இருபது வருடமாக அவள் காலர் மட்டுமே தைக்கிறாள். கை தைக்க ஒருவர், பை தைக்க ஒருவர், பொத்தான் துளை போட ஒருவர், காலர் அவளுடையது. பேரே காலர் அக்கா என்று ஆகிப்போனது. காலரின் இரண்டு முனையும் நூலிழை வித்தியாசமில்லாமல் ஒன்றுபோல் வர வேண்டும். அந்தக் கண் வெளியிலும் சும்மா இருக்காது. மற்றவர்கள் ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பார்கள், அவள் கழுத்தைப் பார்ப்பாள். முதல்முறை சந்தித்தபோது வீட்டுக்காரரின் காலர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததாம். பாவம், விட்டால் இந்த மனிதர் ஆயுசுக்கும் இப்படியேதான் திரிவார் என்று கட்டிக்கொண்டதாக இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவர் எலக்ட்ரீஷியன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. நாற்பத்திரண்டு வயதில் உடம்பு எண்பத்து நான்கு கிலோ. நடை என்றாலே அவளுக்கு ஆகாது. தண்ணீர் குடிக்க ஹாலின் அந்தக் கோடிக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கும். அதனால் பக்கத்து மெஷின்காரி எழுந்திருக்கும்போதெல்லாம் தன் பாட்டிலையும் சேர்த்து அவளிடம் தள்ளிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரே பகலில் அறுபது கிலோமீட்டர் நடந்தாள் என்றால் அதற்குக் காரணம் அவள் அண்ணன். அந்த அண்ணனுக்குத் தெரிந்த காரணம் ஒன்று, தெரியாத காரணம் இன்னொன்று.

அண்ணன் அவளைவிட ஏழு வயது பெரியவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். தங்கையை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பள்ளி விண்ணப்பத்தில் தொடங்கி வங்கிக் கணக்கு வரை அவளுக்கு எந்தப் படிவம் என்றாலும் பேனாவைப் பிடுங்கி அவரே நிரப்புவார். அவள் கையெழுத்துப் போட்டால் போதும். அவள் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கையிலிருந்து ரத்தம் குழாய் வழியே மெஷினுக்குப் போய், சுத்தமாகித் திரும்பி வரும். பஸ் வேலை போயிற்று. ஆனால் பஸ்காரனுடைய புத்தி போகவில்லை. எல்லாத் தலையையும் எண்ணாமல் வண்டியை எடுக்காத மனிதர் அவர். டயாலிசிஸ் அறையிலும் போய் உட்கார்ந்ததும் பத்து நாற்காலியிலும் தலைகளை எண்ணுவார். ஒரு வாரம் ஒன்பது தலைதான் இருந்தது. பெட்ரோல் பங்க்கில் வேலை செய்த ஒருவரைக் காணவில்லை. அவர் இரண்டு பஸ் மாறி வருகிறவர். திரும்பும்போது தலை சுற்றி நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அலைச்சலுக்குப் பயந்து ஒரு நாள் விட்டார், பிறகு இரண்டு நாள் விட்டார். மூன்றாவது வாரம் அந்த நாற்காலியில் புது ஆள் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வண்டி இருந்திருந்தால் அந்த மனிதர் இருந்திருப்பார் என்று அண்ணன் சொல்லத் தொடங்கினார். நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி, முடிந்ததும் வீட்டு வாசலில் இறக்கிவிட ஒரு வேன். வேறெதுவும் அவர் கேட்கவில்லை. மெஷின் ஓடாத நாட்களில் கடை கடையாக, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். தனக்கு ஒன்று வேண்டுமென்றால் வாயே திறக்க வராது அவருக்கு. வண்டிக்காக என்றால் யார் கதவையும் தட்டுவார்.

தனக்கு ஒன்று வேண்டும் என்று வந்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கதையின் வம்பு. காலர் அக்கா தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணனும் கூட வந்து, வழக்கம்போலப் படிவத்தைப் பிடுங்கி நிரப்பினார். ரத்த வகை பொருந்தியது. ஆனால் உடல் எடை அதிகம், ரத்த அழுத்தமும் எல்லைக் கோட்டில் நிற்கிறது, இப்போதைக்கு எடுக்க முடியாது என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். அண்ணன் பெருமூச்சு விட்டார். தங்கைக்கு நன்றாகத் தெரியும், அது நிம்மதிப் பெருமூச்சு. வெளியே வந்ததும் இந்தப் பேச்சை இனிமேல் எடுக்கக் கூடாது, எடுத்தால் உன் வீட்டுப் படியேற மாட்டேன் என்றார். சொன்னால் செய்கிற மனிதர். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வாயைத்தான் மூடினாள். மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு, தனியாகப் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள். என்ன செய்தால் எடுப்பீர்கள் என்று கேட்டாள். பதினைந்து கிலோ குறைய வேண்டும், மாத்திரை இல்லாமல் ரத்த அழுத்தம் ஒழுங்காக நிற்க வேண்டும், ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். நடங்கள், அதுதான் மருந்து என்றும் சொன்னார். அண்ணன் சம்மதிப்பது உங்கள் பாடு என்றார்.

வீட்டுக்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவர் அவள் காலைப் பார்த்துவிட்டு, "செருப்பு போட்டு நடந்தா கால் போயிடும். ஷூ வாங்கிக்கலாம்" என்றார். அன்றைய பத்து வார்த்தை அதோடு தீர்ந்தது.

சும்மா நடந்தால் அண்ணனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அதற்கும் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அண்ணனுக்கு வண்டி வேண்டும், தனக்கு நடை வேண்டும். இரண்டையும் ஒரே தையலில் சேர்த்தாள். நான் இத்தனை தூரம் நடக்கிறேன், நீங்கள் வண்டிக்கு உங்களால் ஆனதைக் கொடுங்கள் என்று தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினாள். அதில் பொய் என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் தாளைப் படித்துவிட்டு அண்ணன் கண் கலங்கியபோது, திருடிக்கொண்டிருக்கிறவள் கையைப் பிடித்து நன்றி சொன்னதுபோல் அவளுக்குக் கூசிற்று.

முதல் தடவை பூங்காவைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர். லைன் சூப்பர்வைசர் வேடிக்கை பார்க்கவே வந்தார். அக்கா முடித்தால் ஒரு மாதம் முழுக்க லைனுக்கெல்லாம் என் செலவில் டீ என்று பெரிய மனதாகச் சொல்லியிருந்தார். அவள் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டாள், கடைசியில் கால் பின்னியது, ஆனாலும் முடித்தாள். அறுபது பேருக்கு டீ என்பது ஒரு மாதம் சின்னச் செலவு இல்லை. அதற்குப் பிறகு அவர் பந்தயம் கட்டவில்லை. பேசாமல் வண்டிக்கே கொடுத்துவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் படிகளை இருபது தடவை ஏறி இறங்கினாள். லிஃப்ட் நன்றாகத்தானே ஓடுகிறது, உங்களுக்கு என்ன வேண்டுதலா என்று கேட்ட காவலாளி, எட்டாவது தடவையில் தன் நாற்காலியைத் தூக்கி ஆறாவது மாடியில் போட்டுவிட்டு வந்தார். நடுவில் உட்காருவாள் என்று நினைத்தார். அவள் உட்காரவில்லை. ஒவ்வொரு மாதமும் தையல் ஹாலின் கோடியில் துணிக் கட்டு நிறுக்கும் தராசில் யாரும் பார்க்காத நேரம் ஏறி நிற்பாள். எண்பது. எழுபத்தாறு. எழுபத்திரண்டு. எல்லோரும் வண்டிக்கு எவ்வளவு சேர்ந்தது என்று கேட்டார்கள். அவள் மட்டும் தன் எண்ணை மனதுக்குள் வைத்துக்கொண்டு காலர் தைத்தாள்.

ஒரு வருடம் முடியும்போது அறுபத்தெட்டு கிலோ. டாக்டர் சொன்னதற்கு மேலேயே குறைந்தாயிற்று. வண்டிக்கோ இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது. கடைசியாக ஒரு பெரிய நடை, பொழுது விடிந்து பொழுது சாயும் வரை அண்ணன் பஸ் ஓட்டிய பள்ளியின் மைதானத்தில் நூற்றைம்பது சுற்று என்று முடிவாயிற்று. சுற்றுக்கு நானூறு மீட்டர்.

அன்று அண்ணனுக்கு மெஷின் இல்லாத நாள். மைதானத்து ஓரம் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து சுற்றுகளை எண்ணினார். தொழிற்சாலையிலிருந்து ஒரு டப்பா பொத்தான் வந்திருந்தது. சுற்றுக்கு ஒன்றாக ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றினார். மகள் அம்மாவோடு முப்பது சுற்று நடந்துவிட்டு நிழலில் சாய்ந்தாள். மதிய வெயிலில் தண்ணீர் உள்ளே போகவில்லை, குமட்டியது. நூறாவது சுற்றில் முழங்கால் தனியாகக் கழன்று விழும்போல் வலித்தது. கைப்பையிலிருந்து வலி மாத்திரை ஒன்று, அடுத்த மணி நேரத்தில் இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னும் ஒன்று. போதும் பாப்பா, நிறுத்து என்று அண்ணன் நான்கு தடவை எழுந்து வந்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூற்றைம்பதாவது பொத்தான் விழுந்தபோது மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். அண்ணன் மட்டும் தட்டவில்லை. குனிந்து அவள் ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் காலர் அக்கா கோட்டை விட்டாள். அவளுடைய மறுபரிசோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் அறுபது கிலோமீட்டர் நடந்த சூட்டோடு சூடாகப் போனால் டாக்டரே எழுந்து நின்று கைகொடுப்பார் என்று நினைத்தாள். இதைவிட உடம்பு தயாராக என்றைக்கு இருக்கப்போகிறது? கெஞ்சிக் கூத்தாடி நாளை முன்னால் நகர்த்தி, நடந்த மூன்றாம் நாள் காலையில் போய் ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தாள். மனதுக்குள் ஒரே கும்மாளம். அன்று அவள் தைத்த காலர்கள் கூடக் கொஞ்சம் அதிகம்.

முடிவு சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆனால் அவளுக்கு வரவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் படிவத்தை நிரப்பிய மகராசன், தொலைபேசி எண் என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் தன் எண்ணை எழுதிவைத்திருந்தார். உங்கள் தங்கையின் சிறுநீரகப் பரிசோதனை சரியாக இல்லை, உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் சொன்னது.

அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் கேட்டதைத் தொழிற்சாலை வாசலுக்கு வந்து சொன்னவரைக் கூட்டிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னார்.

"என் வண்டிக்காக நடந்து நடந்து உன்னோடதையும் கெடுத்துக்கிட்டியே பாப்பா."

இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று அவளுக்குப் பட்டது. எது எப்படிப் போனாலும் இந்த மனிதர் இப்படி ஒரு பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள விடக்கூடாது.

"வண்டிக்காக நடக்கலண்ணா. அதுவும் ஒரு காரணம், இல்லேங்கல. ஆனா உனக்குக் குடுக்கணும்னா எடை குறையணும்னு டாக்டர் சொன்னாங்க. அதுக்குத்தான் நடந்தேன். முதல் நாள்லேர்ந்து அதுக்குத்தான்."

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. "உனக்கு வலிக்கும்னு நான் வேண்டாம்னு சொல்லல" என்றார். "என் உடம்பு எல்லாத்தையும் கெடுக்கிற உடம்பு. உன்னோடதை வாங்கி, அதுவும் ரெண்டே வருஷத்துல கெட்டுப்போச்சுன்னா? அதுக்கப்புறம் உன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"கெட்டா கெடட்டும். குடுத்தது குடுத்ததுதான். ரெண்டு வருஷம் நீ நல்லா இருந்தேன்னு இருக்கும்ல?" என்றாள் அவள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் அறிக்கையைப் புரட்டினார். சிறுநீரில் ரத்தம், ரத்தத்தில் கழிவு அளவு ஏற்றம், தசை சிதைந்த அடையாளம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னவர், சட்டென்று நிறுத்தி, போன வாரம் ஏதாவது கடினமான வேலை செய்தீர்களா என்று கேட்டார். அறுபது கிலோமீட்டர் நடந்ததை அவள் சொன்னாள். வெயில், மூன்று மாத்திரை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நடங்கன்னு சொன்னேன். ஊரையே சுத்துங்கன்னா சொன்னேன்?"

அவ்வளவு தூரம் நடந்தால் யாருக்குமே சில நாளைக்கு இப்படித்தான் காட்டும், அந்த மாத்திரை வேறு சேர்ந்துகொண்டது என்றார். மூன்று வாரம் நடை கூடாது, வேலை கூடாது, மாத்திரை கூடவே கூடாது, தண்ணீர் குடித்துவிட்டு வீட்டில் உட்காருங்கள், மறுபடி பார்ப்போம் என்றார். சரியாகிவிடுமா என்று கேட்டது அண்ணன். பெரும்பாலும் ஆகிவிடும், ஆனால் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார்.

அந்த மூன்று வாரத்தைப் போல் ஒரு கஷ்டத்தை அவள் எந்த மைதானத்திலும் படவில்லை. ஒரு வருடத்தில் கால் நடைக்குப் பழகிவிட்டது. உட்கார்ந்தால் தானாக ஆடியது. மெஷின் இல்லாத நாளெல்லாம் அண்ணன் காவலுக்கு வந்துவிடுவார். எழுந்தால் ஏன் எழுந்தாய், நின்றால் ஏன் நிற்கிறாய். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார். தன் வீட்டில் தானே கைதியாகிவிட்டதாக அவள் பொருமினாள். ஆனால் அண்ணனோடு இப்படி நாள்கணக்கில் உட்கார்ந்து பேசி எத்தனை வருடம் ஆகிவிட்டது! அந்த நினைப்பு வந்ததும் பொருமல் நின்றுவிட்டது. சிறுநீரகத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை.

இதற்கு நடுவில் வேன் வந்துவிட்டது. பழைய வண்டிதான், ஆனால் எஞ்சின் நல்ல எஞ்சின். பள்ளி பஸ்ஸில் அண்ணனோடு வேலை பார்த்த ஒருவர் ஓட்ட ஒத்துக்கொண்டார். முதல் நடைக்கு அண்ணனும் முன்சீட்டில் ஏறிப் போனார். அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்கு வந்தவர் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

நகரத்தின் கோடியில், ஒரு காலத்தில் தட்டச்சுப் பள்ளி நடத்திய அம்மா ஒருவர் இருந்தார். டயாலிசிஸுக்கு வருகிறவர், வயதானவர், தனி ஆள். வண்டியைப் பார்த்ததும் அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டாராம். எனக்காக இவ்வளவு தூரம் எதற்கு, நான் இன்னும் எத்தனை நாளைக்கு, வேறு யாராவது இளவயசுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போங்கள் என்று பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் கால் மணி நேரம் மல்லுக்கட்டி ஏற்றியிருக்கிறார்.

"அந்தம்மாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா?" என்றார் தங்கையிடம். "குடுத்தவங்க யாரும் நீங்க எத்தனை நாள் இருப்பீங்கன்னு கேட்டுட்டுக் குடுக்கல. வாங்கிக்க உங்களுக்கு மட்டும் என்னம்மா கஷ்டம்னு கேட்டேன். கேட்டு முடிச்சதும் எனக்கு வாயடைச்சுப் போச்சு."

ஏதாவது சொன்னால் கெட்டுப்போகும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"உன் ரிசல்ட் நல்லா வந்தா வாங்கிக்கிறேன் பாப்பா" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அப்புறம்தான் உட்கார்ந்தார்.

ரிசல்ட் நன்றாக வந்தது. ஒன்றுக்கு இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரு குறை இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று உறுதிசெய்துகொள்ள ஒரு குழு இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரித்தது. யாராவது உங்களை வற்புறுத்தினார்களா என்று தங்கையிடம் கேட்டார்கள், இல்லை என்றாள். அதையே அண்ணனிடமும் கேட்டார்கள். ஆமாம், ஒரு வருடமாக என் தங்கை வற்புறுத்துகிறாள், எனக்குத் தெரியாமலேயே வற்புறுத்திவிட்டாள் என்று அவர் சொன்னதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம்.

அறுவை சிகிச்சை நடந்த நாள் மாலையில் அவள் கண் விழித்தாள். இடது விலாவுக்குக் கீழே யாரோ பலகையை வைத்து அழுத்துவதுபோல் வலி. தொண்டை வறண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்க வந்தது, குரல் வரவில்லை. அவருக்குப் புரிந்தது. ஆனால் சொல்லவந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு, நர்ஸ் அந்தப் பக்கம் போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு குனிந்து அவள் காதோடு சொன்னார்.

"மச்சானுக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சு."

இரண்டு வருடமாக அண்ணனுக்கு ஒரு சொட்டு கூட வந்ததில்லை. உடம்பில் சேரும் தண்ணீரையெல்லாம் மெஷின்தான் எடுக்க வேண்டியிருந்தது. அது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிற்று என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் தையல் சுண்டி இழுத்தது. விலாவைக் கையால் அமுக்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

"எவ்வளவு?" என்றாள்.

"பை நிறைய. டாக்டர் உள்ளே வச்சுத் தைச்சுட்டு இருக்கும்போதே வர ஆரம்பிச்சுடுச்சாம். ஒரு பை மாத்திட்டாங்க, ரெண்டாவதும் பாதிக்கு மேல வந்தாச்சு. மச்சான் அதையே பார்த்துட்டுப் படுத்திருக்காரு. யார் வந்தாலும் பையைத்தான் காட்டுறாரு." அந்த மனிதர் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

அவள் கண்ணை மூடினாள். தன்னுடையது அங்கே, அடுத்த வார்டில், அண்ணனுக்குள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. அவள் இங்கே படுத்திருந்தாலும் அது நிற்காது.

"இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

இப்போதுதானே பார்த்துவிட்டு வந்தேன் என்று அவர் சொல்லவில்லை. போனார்.